பளிங்கு துடைத்த மூன்று சாட்சிகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை அறை துடைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து துப்புரவு ஒப்பந்த மேஸ்திரிதான் இழுத்துவந்து வெள்ளைக் கூடத்தில் விட்டார். மேசையைத் துடை என்றால் மேசையின் அடிவயிறு, கால்கள், கால்களின் திருகுகள் வரைக்கும் துடைத்துவிட்டுத்தான் நிமிர்வார் மனிதர். "யோவ், துடைக்கச் சொன்னா பளிங்காக்கி வெச்சிருக்கியே!" என்றார் மேஸ்திரி. அன்றிலிருந்து பளிங்கு. கோபம் வந்தால் மனைவியும் அதைத்தான் பிடித்துக்கொள்வாள். "ஊருக்குத்தான் பளிங்கு. வீட்டுல குடிச்ச டம்ளரை எடுத்து வைக்கக் கை வராது."

வெள்ளைக் கூடம் என்றால் சும்மா வெள்ளையடித்த கூடம் இல்லை. வானத்துக்கு அனுப்புகிற கருவிகளைப் பூட்டிச் சேர்க்கும் இடம். உள்ளே நுழைவதே ஒரு பாடு. செருப்பைக் கழற்றி, ஒட்டுப்பாயை மிதித்து, உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு மாட்டி, முகமூடி கட்டி, கையுறை இரண்டு அடுக்குப் போட்டு, காற்றுக் கூண்டில் நிற்க வேண்டும். நாலு பக்கமும் காற்று அடித்து மேலே கிடக்கிற தூசியைப் பிடுங்கிக்கொள்ளும். தலைக்கு எண்ணெய் ஆகாது. முகத்துக்குப் பவுடர் ஆகாது. துடைக்கிற துணி நூல் உதிராத துணி. அதை எட்டு முகமாக மடித்து, ஒரு முகத்தால் ஒரே ஓர் இழுப்பு, அதுவும் ஒரே திசையில். தேய்த்தால் தொலைந்தது. பளிங்குக்கு இதெல்லாம் ஒரு வாரத்தில் கைவந்துவிட்டது. பதினோரு பேர் இருந்த துப்புரவுக் கூட்டத்தில், நடு மேசைப் பக்கம் போக அவருக்கும் இன்னொருவருக்கும் மட்டும்தான் அனுமதி.

அந்த நடு மேசையில் அந்த வருடம் இரண்டு தொலைநோக்கிகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிக் கிடந்தன. அச்சாக ஒரே மாதிரி. கூடத்தில் எல்லோரும் மூத்தது, இளையது என்றுதான் சொல்வார்கள். பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்து, இமைக்காமல் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்க மூத்தது போகும். இளையது மாற்று. மூத்ததுக்கு ஏதாவது ஆனால் இது போகும்.

சூரியனைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று பளிங்கு ஒரு நாள் மைத்துனனிடம் கேட்டார். மனைவியின் தம்பி, துணைமின் நிலையத்தில் வேலை.

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? சூரியன் ஒரு தும்மல் தும்முனா இங்க என் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காய்ச்சல் வரும்."

"போடா, கதை விடாத."

"நெஜமா. அங்க ஒரு பெரிய வெடிப்பு கிளம்பும். ரெண்டு மூணு நாள்ல அது பூமிக்கு வந்து சேரும். வந்தா கம்பியில வேண்டாத கரண்ட் ஓடும். எங்க பெரிய மெஷின் ஒண்ணு அப்படித்தான் உள்ளுக்குள்ளயே வெந்து போச்சு. மறு மெஷின் வர பதினாலு மாசம். முன்கூட்டியே சொன்னாங்கன்னா லோடைக் குறைச்சுத் தப்பிச்சுக்குவோம்."

"அப்ப நான் துடைக்கிறது உன் மெஷினுக்குத்தான்னு சொல்லு."

"ஆமா மாமா. ஒழுங்காத் துடைங்க" என்று சிரித்தான் அவன்.

அந்தப் பேச்சு பளிங்குக்குப் பிடித்துப்போனது. அதுவரை சோற்றுக்காகத் துடைத்தவர், அதற்குப் பிறகு கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு துடைத்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டு தொலைநோக்கிகளின் மூடியையும் திறந்துவைத்து உள்ளே கம்பிகளைக் கோத்த சமயம் அது. பதினைந்து நாள் வேலை. பதினான்காம் நாள் காலை மேஸ்திரி காற்றுக் கூண்டுக்கு வெளியிலேயே வழிமறித்தார். "பத்து மணிக்குப் பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்க. ஒரு பொட்டு இருந்தாலும் என் தலை உருளும். பளிங்கு, நடு மேசையை நீயே பார்த்துக்க."

பளிங்கு தரையை முடித்தார், மேசையை முடித்தார். பிறகு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். நேராகப் பார்த்தால் தெரியாத அழுக்கு சாய்த்துப் பார்த்தால் தெரியும். தொலைநோக்கிகளுக்கு நடுவில் ஒரு சின்னத் தட்டு. அதில் காசு அளவில் மூன்று வட்டக் கண்ணாடிகள். மூன்றின் மேலும் மூச்சு விட்டது மாதிரி மங்கல். இடது கண்ணாடியில் கொஞ்சம் அதிகம்.

மேசை மேல் இருக்கும் பொருளைத் தொடாதே என்று விதி இருந்தது. பளிங்குக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் தொலைநோக்கியைத்தானே தொடக் கூடாது, இது என்ன, யாரோ மறந்து வைத்த கண்ணாடித் துண்டு, பெரிய ஆட்கள் வந்து இதைப் பார்த்தால் மேஸ்திரி கதி என்ன என்று நினைத்தார். புதுத் துணி எடுத்து மடித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொன்றாக இழுத்தார். வலதுபுறமும் நடுவிலும் இருந்தவை ஒரே இழுப்பில் வந்துவிட்டன. இடதுபுறத்துக்கு மூன்று முகம் தேவைப்பட்டது. எண்ணெய் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் விளக்கைச் சாய்த்தால் ஒன்றுமே இல்லை. அப்படியே தட்டில் வைத்தார், பழைய இடத்தில், பழைய வரிசையில்.

மறுநாள் கண்ணாடியம்மா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். தொலைநோக்கியின் ஆடிகளுக்குப் பொறுப்பான என்ஜினியர் அவர். ஐம்பது வயதிருக்கும். துப்புரவு ஆட்களிடமும் நின்று பேசுகிற ஆள். சாயங்காலம் திரும்பி வந்து எல்லோரும் கேட்கச் சொன்னார்: "இந்தக் கூடம் மாதிரிச் சுத்தமான கூடத்தை நான் பார்த்ததே இல்லப்பா. பூஜ்யம் வந்திருக்கு. சுத்தப் பூஜ்யம்!" துப்புரவுக் கூட்டத்துக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைத்தது. போட்டோ எடுத்தார்கள். முகமூடி போட்ட பதினோரு பேரில் யார் யார் என்று அவரவர் மனைவிக்கே தெரியாது. பளிங்கு தன்னை விரலால் தொட்டுக் காட்டினார். "எல்லாரும் திருடன் மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி.

மூத்தது கிளம்பிப் போனது. போய் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தது. இளையதைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் பூட்டிவைத்தார்கள். பளிங்கு வேறு வேறு மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடம் ஓடியது.

ஒரு நாள் மைத்துனன்தான் முதலில் சொன்னான். "என்ன மாமா, உங்க கண்ணுக்குப் புரை விழுந்திடுச்சாமே? இப்பல்லாம் எச்சரிக்கை ஒழுங்கா வர்றதில்ல. வரும், வராதுன்னு ஜோசியம் சொல்ற மாதிரி சொல்றாங்க."

கூடத்திலும் அதே பேச்சுதான். மூத்தது அனுப்புகிற படம் மாதத்துக்கு மாதம் மங்கிக்கொண்டே வந்தது. பாதிக்கு மேல் போய்விட்டது. அவசரமாக இளையதைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். அடுத்த ராக்கெட்டில் அதை அனுப்ப முடிவாயிற்று. கூடத்தில் வேலை செய்கிற எல்லோரையும் ஒரு நாள் உட்காரவைத்துக் கண்ணாடியம்மா விளக்கம் சொன்னார். துப்புரவு ஆட்கள் கடைசி வரிசையில்.

"நாம கண்ணால பார்க்க முடியாத ஒரு ஆவி, பூச்சுலேர்ந்தோ பசையிலேர்ந்தோ கிளம்பி ஆடி மேல படிஞ்சிடும். படிஞ்சது இங்க இருக்கிற வரைக்கும் லேசான மங்கல்தான். அங்க போனதும் சூரியனோட கதிர் அதைச் சுட்டுடும். சட்டியில சர்க்கரை கருகுற மாதிரி. அப்புறம் எதாலயும் எடுக்க முடியாது."

"அந்த ஆவி இங்கயே படிஞ்சிருக்குமாம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்ல. அதுக்குத்தான் சாட்சி வெச்சிருந்தோம்." பையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். காசு அளவில் மூன்று வட்டக் கண்ணாடிகள். "இதுங்களுக்குப் பேரே சாட்சிக் கண்ணாடி. அழுக்காகுறதுதான் இதுங்க வேலை. ஆடி மேல என்ன படியுதோ அதுதான் இது மேலயும் படியும். ஆடியைத் தொட முடியாது, இதை எடுத்து மெஷின்ல வெச்சு அளக்கலாம். அந்தப் பதினஞ்சு நாளும் இது பக்கத்துலயே இருந்துச்சு. அளந்தப்போ பூஜ்யம். அதனால கோளாறு இங்க இல்ல. ராக்கெட்டோட புகைதான் காரணம்னு முடிவு பண்ணியிருக்கோம். இளையதுக்கு அந்தப் புகை படாம ஒரு மூடி போடறோம்."

பளிங்குக்கு அதற்குப் பிறகு சொன்னது எதுவும் காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்தவர், "என்னய்யா, வேர்த்து ஊத்துது?" என்று கேட்டார். கூட்ட அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் கண்ணாடியம்மாவின் பின்னாலேயே போனார். "அம்மா, ஒரு சந்தேகம். அந்தக் கண்ணாடியில அழுக்கு இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"மூத்தது, இளையது ரெண்டையும் காத்தில்லாத அறையில வெச்சு பத்து நாள் சூடு காட்டியிருப்போம். இன்னும் சுடாத அழுக்கு அதுல கிளம்பி ஓடிடும். ஏன் கேட்கறீங்க?"

"சும்மாதாம்மா."

அந்தச் 'சும்மா' அவர் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. கணக்கு அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. ஆவி கம்பியின் பூச்சிலிருந்து இங்கேயேதான் கிளம்பியிருக்கிறது. சாட்சி சொல்ல இருந்த மூன்றின் வாயையும் அவர்தான் துடைத்துவிட்டார். மூத்தது போய்விட்டது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதே பதினைந்து நாளும் அதே மேசையில் மூடி திறந்து கிடந்த இளையது இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது, அதன் ஆடி மேல் சுடப்படாத அழுக்கோடு. பத்து நாள் சூடு போதும். அவர் வாயைத் திறந்தால் அது பிழைக்கும்.

நேராக மேஸ்திரியிடம் போனார். அதுதான் அவர் செய்த இரண்டாவது தப்பு.

மேஸ்திரி முழுவதையும் கேட்டார். கதவைச் சாத்தினார். "யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணே."

"சொல்லாத. இரு, இரு, சொல்லவே வேணாம்னு சொல்லல. நானே பேசுறேன். ஒப்பந்தம் புதுப்பிக்கிற பேப்பர் மேல இருக்கு. இப்ப போய் நம்ம ஆள் சாட்சிக் கண்ணாடியைத் தொடைச்சான்னு சொன்னா பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கையெழுத்து விழட்டும். மறுநாளே நான் அந்த அம்மாகிட்ட பேசுறேன். என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்குண்ணே."

"அப்ப போய் வேலையைப் பாரு."

பளிங்கு பொறுத்தார். பதினோரு பேர் வயிறு என்பது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கூட்டத்தில் அப்போதுதான் கல்யாணமான பெண் ஒருத்தி இருந்தாள், காது கேட்காத தாயை வைத்துக் காப்பாற்றுகிற ஒருவர் இருந்தார். தினமும் காலையில் மேஸ்திரியின் முகத்தைப் பார்ப்பார். மேஸ்திரி கூரையைப் பார்ப்பார். வீட்டில் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, பேய் பிடிச்ச மாதிரி இருக்கீங்க? போட்ட சோறு அப்படியே இருக்கு."

சொன்னார். அவள் சோற்றுத் தட்டை எடுத்து மூடிவைத்தாள். பிறகு, "மேஸ்திரி பேசுவாரா?" என்றாள்.

"பேசுறேன்னார்."

"அவரு அவரு சம்சாரத்துக்கிட்டயே பேச மாட்டாரு. நீங்களே போய்ச் சொல்லுங்க."

"வேலை போயிடும்டி."

"போகட்டும். இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பீங்க?"

ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது. மறுநாள் மேஸ்திரி பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை. மேஸ்திரியிடம் சொன்ன பத்தொன்பதாம் நாள் பளிங்கு வெள்ளை உடுப்பைக்கூட மாட்டாமல் கண்ணாடியம்மாவின் அறைக்குப் போய் நின்றார். அந்த அம்மா உட்காரச் சொன்னார்; பளிங்கு உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தட்டு எங்கே இருந்தது, எத்தனை மணி, எந்தக் கண்ணாடியில் அதிகம், எத்தனை முகம் துணி ஆனது, எல்லாம்.

கண்ணாடியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, "பூஜ்யம்னு வந்தப்பவே எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். "எந்தக் கூடத்துலயும் பூஜ்யம் வராது. கொஞ்சமாவது வரும். நல்ல சேதியா இருந்துச்சு, நானும் வாங்கி வெச்சுக்கிட்டேன்."

"இப்ப சூடு காட்டிடலாம் இல்லம்மா?"

கண்ணாடியம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "முந்தாநாள்தான் இளையதை விண்கலத்துல பூட்டினாங்க. கழட்டணும்னா ரெண்டு மாசம். மறுபடி மாட்ட ரெண்டு மாசம். ராக்கெட் அதுவரைக்கும் நிக்காது. அடுத்த இடம் கிடைக்க நாலு வருஷம் ஆகும்."

"போன வாரம் சொல்லியிருந்தா?"

கண்ணாடியம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. "மேசை மேலதான் இருந்துச்சு" என்றார்.

இருந்தாலும் அவர் விடவில்லை. அன்றைக்கே மேலே எழுதினார். மூன்றாம் நாள் பளிங்கை ஒரு குழு கூப்பிட்டு விசாரித்தது. நீள மேசை, ஐந்து பேர். நடுவில் ஒரு தாடிக்காரர், மரியாதையான மனிதர்.

"நீங்க பார்த்த மங்கல் எவ்வளவு இருக்கும்?"

"மூச்சு விட்ட மாதிரிங்கய்யா."

"யார் விட்ட மூச்சு? கிட்ட வெச்சா, தள்ளி வெச்சா?" என்று ஓரத்தில் இருந்தவர் கேட்டார். ஒருவர் சிரித்தார். தாடிக்காரர் சிரிக்கவில்லை.

"எண்ணெய் மாதிரிப் பிடிச்சிருந்துச்சுங்க. இடது பக்கத்துக்கு மூணு முகம் துணி ஆச்சு."

"அந்தத் துணி இருக்கா?"

அழுக்குத் துணி அன்றைக்கே தொட்டியில் போய்விடும். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய துணி எங்கே இருக்கும்? பளிங்கு தலையை ஆட்டினார்.

"பதிவேட்டுல பூஜ்யம்னு இருக்கு. நீங்க சொல்றதுக்கு எண் இல்ல. புகைதான்னு சொன்னாலும் படம் மங்கினது இதே மாதிரிதான் பொருந்துது." தாடிக்காரர் பேனாவை மூடினார். "நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. ஆனா ஒரு ஆளோட ஞாபகத்தை வெச்சு ராக்கெட்டை நிறுத்த முடியாது."

"பத்து நாள் சூடுதானேய்யா" என்றார் பளிங்கு. அவரை மீறி வந்துவிட்டது.

எண் இல்லாத பேச்சை வைத்து ராக்கெட் நிற்காது. ஆனால் அதே பேச்சை வைத்துத் துப்புரவு ஒப்பந்தம் நின்றது. மேசை மேல் இருந்ததைத் தொட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டதால் அதற்கு மட்டும் எண் வேண்டியிருக்கவில்லை. ஒரே வாரத்தில் வேறு கூட்டம் வந்தது. பதினோரு பேரும் தங்கள் பெட்டியிலிருந்து மாற்று உடுப்பையும் டிபன் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். புதிதாகக் கல்யாணமான பெண் அவரைப் பார்த்து, "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்ணே, அதுவும் கெட்டுச்சு, இதுவும் கெட்டுச்சு" என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மேஸ்திரி தன் வண்டியை எடுத்துக்கொண்டு பளிங்கைத் தாண்டிப் போனார்.

பளிங்குக்கு ஒரு பஸ் டிப்போவில் வேலை கிடைத்தது. நீள ரப்பர் குச்சியால் கண்ணாடி வழிக்கிற வேலை. எட்டு முகம் மடிக்கத் தேவையில்லை. முதல் நாள் பழக்கதோஷத்தில் மடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து டிரைவர், "யோவ், இது பஸ்யா, மணப்பொண்ணு இல்ல" என்றார்.

இளையது ஒரு மத்தியானம் கிளம்பிப் போனது. டிப்போ ஓய்வறையின் டிவியில் காட்டினார்கள். நெருப்புக் கக்கிக்கொண்டு நேராக ஏறியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். பளிங்கு வாளியில் தண்ணீர் மாற்ற எழுந்து போனார். புகை மூடி அருமையாக வேலை செய்தது என்று செய்தியில் சொன்னார்கள். ஒருவேளை தாடிக்காரர் சொன்னதே சரியாக இருக்கலாம், எல்லாம் புகையால்தான் வந்திருக்கலாம், தான் துடைத்தது வெறும் கை அழுக்காக இருந்திருக்கலாம் என்று அவர் சில நாள் நினைத்துப் பார்த்தார். மனசு ஒட்டவில்லை. அந்த இடது கண்ணாடியில் துணி எப்படி வழுக்கியது என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

மைத்துனன் வாரம் ஒருமுறை வருவான். "எச்சரிக்கை இப்ப நல்லா வருது மாமா. போன வாரம் ஒரு வெடிப்பு, ஒன்றரை நாள் முன்னாடியே சொல்லிட்டாங்க. நீங்கதான் வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க."

"வரட்டும்டா. வர்ற வரைக்கும் வரட்டும்."

ஐந்தாம் மாதம் கண்ணாடியம்மா போன் செய்தார். பளிங்கு அப்போது ஒரு பஸ்ஸின் பின் கண்ணாடியில் நின்றுகொண்டிருந்தார். ஏணியில் இருந்தபடியே எடுத்தார்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"உங்ககிட்ட நானே சொல்லணும்னு தோணுச்சு. இளையது அனுப்புற படம் பதினோரு சதம் மங்கிக் குறைஞ்சிருக்கு. மூத்தது எப்படிக் குறைஞ்சுதோ அதே கோடு. புகை மூடியால ஒண்ணும் ஆகல." அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "நீங்க சொன்னதுதான் சரின்னு இப்ப எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. எழுத்துலயே போட்டுட்டாங்க."

"கலத்துலயே சூடு காட்ட வழி இல்லையாம்மா?"

"சின்ன ஹீட்டர் ஒண்ணு இருக்கு. போட்டுப் பார்த்தோம். அதுக்குள்ள சூரியன் சுட்டுடுச்சு."

"எத்தனை நாள் தாங்கும்?"

"இன்னும் ஒரு வருஷம். அதுக்கு மேல படம் வரும், ஆனா பிரயோஜனம் இருக்காது. அப்புறம் புதுசு ஒண்ணு போற வரைக்கும், மூணு வருஷத்துக்கு அங்க ஒண்ணும் இருக்காது."

பளிங்கு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மிச்சக் கண்ணாடியை வழித்து முடித்தார்.

சாயங்காலம் மைத்துனன் வந்ததும் அதைச் சொன்னார். ஒரு வருஷம், அப்புறம் மூணு வருஷம். அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"சூரியன் இப்பதான் மாமா சூடு பிடிச்சுக்கிட்டு வருது. அடுத்த ரெண்டு மூணு வருஷம்தான் வெடிப்புக்கெல்லாம் உச்சமாம்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? மெஷின் பக்கத்துல ஆள் போட்டு உட்கார வேண்டியதுதான். சத்தம் மாறுனா ஓடிப் போய் நிறுத்தணும். அதுக்குள்ள வெந்துட்டா வெந்தது."

மனைவி உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். மைத்துனன் எழுந்து போனான். பளிங்கு எழவில்லை. அவள் மறுபடி கூப்பிடவும் இல்லை.